கடலோரச் சிறு நாடகக் குழுக்களில் மேடை நிர்வாகம்: வேலை, சம்பளம், ஒப்பந்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தக் கடற்கரை ஊர்களில் பதினெட்டு வருடமாக மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். படுதா இழுத்திருக்கிறேன், விளக்குப் போட்டிருக்கிறேன், யார் எங்கே நிற்பது, எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று குறிக்கும் ஒத்திகை நோட்டு எழுதியிருக்கிறேன், குட்டியானை வண்டிக்கு வாடகை பேசியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை மட்டும்தான். பெரிய தொகை சிக்கியிருந்தால் வக்கீலைப் பாருங்கள். இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறது, அதையும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நாடகத்தில் மேடை நிர்வாகி என்று யாருமே கிடையாதே. இது என்ன வேலை?

பெயர் இல்லையே தவிர வேலை எப்போதும் இருந்திருக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ந்து வள்ளி திருமணம், பவளக்கொடி போடும் ஸ்பெஷல் நாடகத்தில் அந்த வேலை பல பேரிடம் பிரிந்து கிடக்கும். ஆட்களைச் சேர்ப்பது அமைப்பாளர், படுதா கட்டுவது சீன்காரர், சத்தத்துக்கு மைக் செட்காரர், மற்றதெல்லாம் ஊர்க் கமிட்டி. கடலோரக் கிறிஸ்தவ ஊர்களில் திருவிழாவுக்குப் புனிதர் நாடகம் போட்டால் பாதி வேலை சொல்லிக்கொடுக்கும் அண்ணாவியார் தலையிலேயே விழும்.

இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் சிறு குழுக்கள், விழிப்புணர்வு நாடகம் போடும் அறக்கட்டளைகள், பள்ளிக்கூட நாடகங்கள் என்று வந்த பிறகு இத்தனையும் ஒரே ஆள் மேல் வந்து நிற்கிறது. ஒத்திகைக்கு யார் வந்தார்கள், யார் எங்கே நிற்க வேண்டும், எந்த வசனத்துக்கு எந்த விளக்கு, வாள் எங்கே, கிரீடம் எங்கே, வண்டி எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கும் ஆள்தான் மேடை நிர்வாகி. நாடகம் தொடங்கிய பிறகு இயக்குநர்கூடக் கீழே உட்கார்ந்து பார்க்கலாம். இவர் உட்கார முடியாது.

வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து வாயால் பேசி முடித்தார்கள். அது ஒப்பந்தம் ஆகுமா?

ஆகும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் மனமொத்துச் சம்மதித்து, கொடுப்பதும் வாங்குவதும் தெளிவாக இருந்து, காரியமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் வாய்ப்பேச்சும் செல்லும். தகராறு வரும்போது அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். தட்டில் வைத்த வெற்றிலை சாட்சி சொல்ல வராது.

அதனால் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "வணக்கம் அண்ணாச்சி. இன்று பேசியபடி சித்திரை 10 ராத்திரி நாடகத்துக்கு மேடை நிர்வாகம் நான் பார்க்கிறேன். ஒத்திகை 10 நாள். மொத்தச் சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு இன்று கிடைத்தது. வண்டி, ஜெனரேட்டர் வாடகை உங்களுடையது. சரிதானே?" அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின்படி, உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் போனில் உள்ள செய்தியும் ஆதாரம்தான். அந்தப் போனை மாற்றும்போது செய்திகளை அழித்துவிடாதீர்கள். முன்பணத்தை ஜிபேயில் வாங்கினால் இன்னும் நல்லது, தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடும்.

"ஒரு ராத்திரிக்கு இவ்வளவு" என்று சம்பளம் பேசுகிறார்கள். அதில் என்ன தவறு?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ராத்திரிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த நாடகங்கள் இன்றும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூனும் ஆர்மோனியமும் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. பாடமும் பாட்டும் அவரவர் நெஞ்சில் இருக்கும். அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள், விடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். அவர்களுக்கு ராத்திரிக் கணக்கு நியாயமான கணக்கு.

அதே கணக்கை ஒத்திகை பார்த்துப் போடும் நாடகத்தின் மேடை நிர்வாகிக்கும் அப்படியே வைத்துவிட்டார்கள். ஒரு நாடகத்துக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், அது 30. சாமான் சேர்க்க, பட்டியல் எழுத, கிழிந்த படுதா தைக்க 12. நாடகத்தன்று பகல் இரண்டு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஆறு மணி வரை 16. திரும்ப ஏற்றி, இறக்கி, இரவல் வாங்கிய சாமானை உரியவர்களிடம் ஒப்படைக்க 4. மொத்தம் 62 மணி நேரம். 3,000ஐ 62ஆல் வகுத்தால் மணிக்கு ஐம்பது ரூபாய்கூட வரவில்லை. இதற்குள் ஒத்திகைக்குப் போய்வந்த பஸ் காசும் அடக்கம்.

குழுவிடம் பணம் இல்லை என்பதும் உண்மைதான். சிறு குழு நடத்துபவர்கள் மனைவியின் நகையை அடகு வைத்து நாடகம் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே தொகையை உடனே இரட்டிப்பாக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை நாட்களை எண்ணி எழுதி வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். "ஒத்திகை 10 நாள், தயாரிப்பு 2 நாள், நாடகம் 1 நாள், ஒப்படைப்பு அரை நாள்" என்று தாளில் வந்துவிட்டால் குழுத் தலைவரே ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். பதினோராவது ஒத்திகைக்குக் கூப்பிடும்போது "இதற்கு என்ன கொடுப்பது?" என்ற பேச்சும் தானாக வரும். எண்ணாத வேலைக்குக் கூலி கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். தாளில் நாள் எண்ணி எழுதியிருந்தால் அந்தக் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

நாள், தொகை தவிர வேறு என்ன எழுத வேண்டும்?

யார் உங்களை வைக்கிறார்கள் என்பது முதலில். குழுவா, ஊர்க் கமிட்டியா, அமைப்பாளரா? மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டினால் நீங்கள் நடுவில் நிற்பீர்கள். அப்புறம், எது உங்கள் வேலை இல்லை என்பது. மேடை நிர்வாகி என்று வாருங்கள் என்பார்கள், போனால் வசூல் நோட்டீஸ் கொடுப்பதும், நடிகர்களுக்குச் சோறு வாங்கி வருவதும், மைக் செட்காரரிடம் கடன் சொல்வதும் உங்கள் தலையில் கட்டப்படும். நாடக விளம்பர நோட்டீஸில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதன் பயன் நல வாரியம் பற்றிய கேள்வியில் தெரியும்.

மீதிப் பணம் எப்போது என்பதற்கு "நாடகம் முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கமிட்டிக்காரர்கள் தூங்கப் போயிருப்பார்கள். "கடைசிப் படுதா இறங்குவதற்கு முன்" என்றோ, "மறுநாள் மதியம் 12 மணிக்குள் ஜிபேயில்" என்றோ எழுதுங்கள்.

கைக்காசு போட்டுச் செலவு செய்துவிட்டேன். குழு திருப்பித் தரவில்லை.

சணல் கயிறு, ஆணி, பசை, வாடகை வேட்டி என்று இருபது, ஐம்பதாகப் போகும் காசு கடைசியில் சம்பளத்தைத் தின்றுவிடும். சம்பளம் வேறு, செலவுப் பணம் வேறு. செலவுக்கென்று தனியாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி, சிறு நோட்டில் எழுதி, பில் இல்லாத செலவுக்கும் தேதி போட்டு வையுங்கள். அந்தப் பணம் தீர்ந்த நாளில் வாங்குவதை நிறுத்திவிட்டு போன் பண்ணுங்கள். சொந்தக் காசை எடுக்காதீர்கள்.

ஊரில் சாவு விழுந்து நாடகம் நின்றுவிட்டால்? புயல் வந்தால்?

எனக்கே நடந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு ஊர். மேடை கட்டி முடித்தாயிற்று. கச்சான் காற்று அன்று பலமாக இருந்ததால் பக்கத் தட்டி ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு கயிறு போட்டு, மணலில் முளை நிற்காமல் சாக்கில் மணல் அள்ளிக் கட்டி இழுத்து வைத்திருந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ராத்திரி நாடகம் கிடையாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அதில் அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் எப்படிப் பாடுவது? கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தோம். ஆனால் வண்டி வாடகையும் ஜெனரேட்டர் வாடகையும் என் பெயரில் பேசியிருந்தேன். அந்த மாதம் 4,200 ரூபாய் என் கையிலிருந்து போனது. ஊரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழுவிடம் கேட்டேன், "ஊரே தரலையே" என்றார்கள்.

அதற்குப் பிறகு மூன்று படியாக எழுதுகிறேன். ஏழு நாளுக்கு முன்பே நின்றால் முன்பணம் மட்டும் எனக்கு. வண்டி கிளம்பிய பிறகு நின்றால் பாதிச் சம்பளமும் வண்டி, ஜெனரேட்டர் செலவும். மேடை கட்டிய பிறகு நின்றால் முழுச் சம்பளம். இன்னொரு தேதிக்கு மாற்றினால் அந்த நாளுக்குத் தனிக் கணக்கு. இதே அளவுதான் வேண்டும் என்றில்லை, உங்களுக்கு ஒத்துவருவதைப் பேசிக்கொள்ளுங்கள்.

புயலுக்கும் இப்படி எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சட்டம் இங்கே உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். நடத்தவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு. செல்லாமல் போனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 65ஆவது பிரிவு. ஒன்றும் எழுதாமல் விட்டால் முன்பணத்தையே திருப்பிக் கேட்கலாம். எந்த மழை புயலாகும் என்ற தகராறும் வரும். நம் பக்கத்தில் அதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு. "பாம்பனில் மூன்றாம் எண் அல்லது அதற்கு மேல் கூண்டு ஏற்றினால் நாடகம் தள்ளிவைக்கப்படும், வாங்கிய முன்பணம் புதுத் தேதிக்குச் செல்லும்" என்று எழுதியிருக்கிறேன். மீனவ ஊர்களில் இதை யாரும் மறுத்ததில்லை. கூண்டு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

போலீஸ் அனுமதி யார் வாங்குவது?

விழா நடத்துகிறவர்கள். நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நிறுத்தச் சொன்னால் அன்றைய சம்பளம் முழுதாக உண்டா என்று முன்பே பேசிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும், ராத்திரி ஜீப் வந்து நின்றால் முதலில் மேடைக்குப் பின்னால்தான் வருவார்கள்.

நான் ஊழியரா, தனியாக வேலை எடுத்துச் செய்பவரா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மாதச் சம்பளம், குறிப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும், அவர்கள் சொல்லும் விதத்தில் செய்ய வேண்டும், சாமானெல்லாம் அவர்களுடையது, வேறு குழுவுக்குப் போகக் கூடாது என்றால் நீங்கள் ஊழியர் மாதிரிதான். ஒரு நாடகத்துக்குப் பேசி, உங்கள் கருவியோடு போய், உங்கள் முறையில் செய்துவிட்டு வந்தால் தனி ஆள். தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட நடைமுறை எப்படி என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அறக்கட்டளைகளில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதில் ஊதியத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "அடுத்த மானியம் வந்ததும் தருகிறோம்" என்று மூன்று மாதம் இழுப்பது வழக்கம்தான், அதற்காக அது சரியாகிவிடாது.

மானியம் பற்றி இன்னொன்று. தொடர்ந்து இயங்கும் கலைக்குழுக்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் தரும் ரெபர்ட்டரி மானியம் வாங்கும் குழு என்றால் கலைஞர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கைக்கு வராத தொகைக்கு, வந்ததாக ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

மேடையில் அடிபட்டால் யார் பொறுப்பு? கரண்ட் விஷயம் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். உப்புக் காற்றில் எந்த இரும்பும் நம் ஊரில் ரொம்ப நாள் தாங்காது. போன வருடம் நன்றாக ஓடிய கப்பி இந்த வருடம் கயிற்றை அறுக்கும். விளக்குத் தண்டின் கிளாம்ப் வெளியே பெயிண்டோடு பளிச்சென்று இருக்கும், திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காவிப் பொடியாக உதிரும். மேடைக்குப் போனதும் முதல் வேலையாகக் கப்பி, கிளாம்ப், கயிறு மூன்றையும் கையால் தொட்டு, இழுத்துப் பாருங்கள். மோசமாக இருந்தால் போட்டோ எடுத்துக் குழுத் தலைவருக்கு அனுப்புங்கள். அந்தப் போட்டோ பின்னால் உங்களைக் காப்பாற்றும், அன்று ராத்திரி ஒரு நடிகரையும் காப்பாற்றும்.

மின்சாரத்துக்கு ஈபி அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு வாங்குவது கமிட்டியின் வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள். கொக்கி போட்டு எடுத்தால் அது திருட்டு. உங்கள் கையால் அதைச் செய்யாதீர்கள், அந்த மேடையில் விளக்கும் போடாதீர்கள். பனியில் நனைந்த பலகை, வெறுங்காலோடு ஆடுகிறவர்கள், எர்த் இல்லாத ஜெனரேட்டர், இது மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே மனம் வரவில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை என் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எர்த் கம்பியையும் மறப்பதில்லை.

காப்பீட்டுக்கு வருவோம். குழு ஏதாவது செய்யும் என்று காத்திருக்காதீர்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட யாரும் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். மருத்துவச் செலவு இதில் வராது. அதனால் "வேலையின்போது அடிபட்டால் மருத்துவச் செலவு குழுவினுடையது" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். அதுகூட எழுத மாட்டோம் என்ற குழுவுக்கு நான் போனதில்லை.

நான் பெண். ராத்திரி வேலை, வெளியூர்ப் பயணம். எதை முன்கூட்டிப் பேச வேண்டும்?

உடை மாற்றத் தனி இடம், கழிப்பறை, நாடகம் முடிந்து விடியும் வரை பூட்டுள்ள அறையில் தங்கல், திரும்பிப் போக வண்டி. இந்த நான்கையும் சம்பளம் பேசும்போதே பேசுங்கள், தாளிலும் எழுதுங்கள். "எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவோம்மா" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். "சரிண்ணே, எந்த வீடு, யார் வீட்டில் தங்கல்?" என்று கேட்டு அந்த வீட்டுப் பெண்ணிடமே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

யாராவது தவறாக நடந்தால்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவில் புகார்க் குழு இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்காகவே மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலைக்காகப் போன ஊரும், போன வண்டியும்கூட அந்தச் சட்டத்தில் பணியிடம்தான். அவசரத்துக்கு 181.

பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் நாடகம். எனக்குத் தனிப் பொறுப்பு ஏதாவது உண்டா?

காசு வாங்கிப் போடும் நாடகத்தில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் விதி கடுமை: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வு இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. அனுமதியும் பெற்றோர் சம்மதமும் குழுவின் பொறுப்பு. நேரம் பார்ப்பது உங்கள் கையில். பிள்ளைகள் காட்சியை முன்னால் வைத்து, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாடகத்தை யூடியூபில் போட்டுவிட்டார்கள். என் ஒத்திகை நோட்டையும் கேட்கிறார்கள். அது யாருக்குச் சொந்தம்?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதற்குக் காப்புரிமைக் காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, யாரும் போடலாம். ஆனால் மேடையில் பாடி நடித்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது. விளக்கும் படுதாவும் பார்த்த நமக்குச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. பதிவு செய்வதாக இருந்தால் தனித்தொகையும், வீடியோவில் பெயரும் வேண்டும் என்று பேசித்தான் வாங்க வேண்டும்.

நோட்டு விஷயத்தில், 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி ஊழியராக இருந்து எழுதியது, வேறு பேச்சு இல்லாவிட்டால், முதலாளிக்கு. தனி ஆளாகச் செய்தால் நீங்கள் சொந்தமாக எழுதியது உங்களுக்கு. நான் என்ன செய்வேன் என்று கேட்டால், ஒரு நகல் எடுத்துக்கொண்டு நோட்டைக் கொடுத்துவிடுவேன். அது இல்லாவிட்டால் அடுத்த நாடகத்தில் இருட்டில் தடுமாறுவது நம்மைப் போல இன்னொரு ஆள்தான்.

பாதியில் விலக வேண்டியிருக்கிறது. "விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

எழுதிய தொகையை அப்படியே வசூலிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அந்த இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு மட்டும்தான். அதற்காக நாடகத்துக்கு முந்தின நாள் போனை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். நோட்டையும் சாமான் பட்டியலையும் ஒப்படைத்து, புதிதாக வருபவரோடு ஒரு ஒத்திகை நின்றுவிட்டு விலகுங்கள். இந்தக் கடற்கரையில் குழுக்கள் குறைவு, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

சம்பளம் வரவே இல்லை. என்ன செய்வது?

முதலில் நேரில் போய், சாயங்காலம், அவர் தனியாக இருக்கும்போது கேளுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தொகை, தேதி, கெடு மூன்றும் எழுதிய கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். செக் கொடுத்து அது திரும்பினால் நாள் கணக்கு முக்கியம்: திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் கெடு, அதற்கும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். நாள் தவறினால் சிரமம்.

மாதச் சம்பள ஊழியர் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனி ஆள் என்றால் சிவில் வழக்குத்தான், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் செய்வார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

நல வாரியத்தில் நாங்கள் சேர முடியுமா?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது, கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், கண் கண்ணாடி, விபத்து மரணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. மேடைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், நாம் கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ராஜபார்ட்டுக்கு நோட்டீஸில் படம் இருக்கும், நமக்கு? அதனால்தான் நோட்டீஸில் பெயர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு நோட்டீஸையும் எடுத்து வைத்து, மேடையில் வேலை செய்யும் படங்களோடு சேர்த்து விண்ணப்பியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 16 முதல் 59 வயது வரை, இலவசம், இ-சேவை மையத்திலேயே செய்யலாம்.

மேடை நிர்வாகிகளுக்குச் சங்கம் உண்டா?

அமெரிக்காவில் 1913இல் தொடங்கிய நாடக நடிகர் சங்கமே மேடை மேலாளர்களுக்கும் சங்கம். ஒத்திகை நேரம், ஓய்வு, கூடுதல் நேரக் கூலி எல்லாம் சிறு அரங்குகளுக்கென்றே தனி ஒப்பந்தத்தில் பேசி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் சங்கங்கள் உண்டு. நமக்கென்று பத்துப் பேர் சேர்ந்து, "ஒத்திகை நாளுக்குக் குறைந்தது இவ்வளவு" என்று ஒரே தொகை சொன்னாலே பெரிய மாற்றம் வரும் என்று நம்புகிறேன். மண்டபம், ராமநாதபுரம் பக்கம் இருக்கும் நாலைந்து பேர் இப்போதே ஒருவருக்கொருவர் தொகையைச் சொல்லிக்கொள்கிறோம்.

ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதன்முதலில் ஒரு மீனவ ஊர்க் கமிட்டித் தலைவரிடம் தாளை நீட்டியபோது கை நடுங்கியது. மீன்பிடித் தடைக்காலம் அது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பெரியவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டுத் தாளை வாங்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக, கூட இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார். கூண்டு பற்றிய வரி வந்ததும் தலையாட்டினார். சாவு பற்றிய வரியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, "வண்டிச் செலவு மட்டும் ஊர் தரும், சம்பளம் பாதி" என்றார். சரி என்றேன். கீழே தன் பெயரை எழுதினார். எழுதியவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், எனக்குத் தோன்றாத ஒரு வரியைத் தன் கையாலேயே சேர்த்தார்: "சீன் கட்டும் ஆட்கள் ஆறு பேருக்கும் விடியக்காலம் டீ, பலகாரம் ஊர் பொறுப்பு."